பழியும் ஆய்வும்

(வெள்ளி விழாவின் இரண்டாம் நாள் அமர்வில் ஆற்றிய உரை)



விழாக் குழுவினர் நமக்கு அளித்த தலைப்பு 'மக்களுக்குப் பயன்படும் அறிவியல் ஆய்வு' என்பதாகும். நாமோ வரலாறு கற்றவர், வரலாறு கற்பித்தவர். ஆய்வுக்கூடத்தின் சாவியை வைத்திருந்தது உண்டே அன்றி, அதனுள் நின்று ஆய்வு செய்தவர் அல்லர். ஆயினும் இத்தலைப்பை நாம் மறுக்கவில்லை. இரண்டு திங்களாக நம் சங்கத்தின் கல்வி உதவிக் குழுவின் முன் ஒரு விண்ணப்பம் முடிவின்றிக் கிடக்கிறது. அதைக் குறித்து இந்த அவையில் பேச வேண்டும் என்று எண்ணியிருந்தபோது இத்தலைப்பு வந்து சேர்ந்தது. விண்ணப்பத்தைப் பிறகு எடுப்போம். முதலில் பற்களைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

1998-ஆம் ஆண்டு தர்மபுரி மாவட்டத்துப் பள்ளியொன்றில் நாம் பட்டதாரி ஆசிரியராக இருந்தோம். காலை வணக்கக் கூட்டத்தில் மாணவர்களின் நகம், தலை, பல் ஆகியவற்றைப் பார்ப்பது நம் பொறுப்பு. ஏழாம் வகுப்பில் ஒரு சிறுவன். வாயைத் திறந்தால் முன்பற்களில் பழுப்புக் கோடுகள். பல் துலக்காமல் வருகிறான் என்று முடிவு கட்டினோம். செங்கற்பொடி வைத்துத் தேய்த்து வரச் சொன்னோம். மூன்றாம் நாள் ஈறு புண்ணாகி வந்தான். கறை அப்படியே இருந்தது. அன்றும் அவனைப் பெஞ்சின்மேல் நிறுத்தினோம். "எங்க தெருவுல எல்லாருக்கும் இப்படித்தான் சார்" என்று அவன் சொன்னதை எதிர்த்துப் பேசுவதாகக் கொண்டோம்.

அந்தச் சொல்லில்தான் விடை இருந்தது. சில வாரம் கழித்து, ஆழ்துளைக் கிணற்று நீரை ஆய்வுக்கு எடுக்க வந்த ஊழியர் ஒருவர் வகுப்பை எட்டிப் பார்த்தார். இவ்வூரிலேயே பிறந்தவர்கள் எழுந்து நில்லுங்கள் என்றார். எழுந்தவர்களில் பெரும்பாலோர் பற்களில் கறை இருந்தது. வெளியூரிலிருந்து அண்மையில் வந்து சேர்ந்த நால்வர் பற்களில் கறை இல்லை. அதன் பின்னரே நாம் ஃபுளோரைடு என்னும் சொல்லைப் பொருளறிந்து கேட்டோம். பல் ஈற்றுக்குள் உருவாகும் பருவத்திலேயே, குடிநீரில் மிகுந்த ஃபுளோரைடு அதன் மேற்பூச்சைக் கெடுத்துவிடுகிறது. வெளியே முளைக்கும்போதே கெட்டு முளைக்கும் பல்லைச் செங்கற்பொடி என்ன செய்யும்? அச்சிறுவனிடம் நாம் மன்னிப்புக் கேட்கவில்லை. அக்காலத்தில் ஆசிரியர்களுக்கு அந்த வழக்கம் இல்லை.

நமக்கு முன்பே ஒருவர் இதே கறையின் முன் நின்றிருக்கிறார். அமெரிக்காவின் கொலராடோ ஸ்பிரிங்ஸ் என்னும் ஊரில் 1901-இல் தொழில் தொடங்கிய பல் மருத்துவர் ஃபிரெடெரிக் மெக்கே அவர். ஊரில் பலருக்குப் பற்கள் பழுப்பேறிக் கிடந்தன. நூல்களில் அதைப் பற்றி ஒன்றும் இல்லை. ஊராரிடம் காரணங்கள் தாராளமாக இருந்தன: பன்றி இறைச்சியை மிகுதியாக உண்பதால், மட்டமான பால் குடிப்பதால், என்று. பல்லில் ஒரு கறை தோன்றினால் அங்கும் பழி பன்றியின் தலையில்தான் விழுந்திருக்கிறது!

மெக்கே அந்தப் பேச்சை ஏற்கவில்லை, போய்ப் பார்த்தார். அக்காலத்தின் தலைசிறந்த பல் அறிஞர் ஜி. வி. பிளாக்கை 1909-இல் ஊருக்கு வரவழைத்தார். அங்கே பிறந்து வளர்ந்தவர்க்கே கறை உண்டு, பெரியவர்களான பின் குடியேறியவர்க்கு இல்லை என்று கண்டனர். கறை படிந்த பற்களில் சொத்தை குறைவு என்பதும் தெரிந்தது. 1923-இல் ஐடஹோ மாநிலத்து ஓக்லி என்னும் சிற்றூரின் தாய்மார்கள், புதிய குழாய்நீர் வந்த பிறகே தம் பிள்ளைகள் பற்களில் கறை தோன்றியதாக அவரிடம் முறையிட்டனர். அந்தக் குழாயைக் கைவிட்டு வேறு ஊற்றுக்கு மாறுங்கள் என்றார். மாறினர். சில ஆண்டுகளில் சிறு பிள்ளைகளுக்குக் கறையற்ற பற்கள் முளைத்தன. நீரில் இருப்பது எது என்று அப்போதும் அவருக்குத் தெரியாது. 1931-இல் அலுமினிய நிறுவனம் ஒன்றின் வேதியியலர் எச். வி. சர்ச்சில் அது ஃபுளோரைடு என்று கண்டுபிடித்தார். மெக்கே தொழில் தொடங்கி 30 ஆண்டுகள் ஆகியிருந்தன.

அதன் பின் டிரெண்ட்லி டீன் என்பவர் கேள்வியைத் திருப்பிப் போட்டார். மிகுந்தால் கறை, அளவோடு இருந்தால் சொத்தை குறைவு எனில், சரியான அளவு என்ன? பத்து இலட்சம் பங்கு நீரில் ஏறத்தாழ ஒரு பங்கு என்று கண்டார். 1945-இல் கிராண்ட் ராப்பிட்ஸ் நகரம் தன் குடிநீரில் அந்த அளவைக் கலக்கத் தொடங்கியது. நம் பக்கத்திலோ கதை நேர்மாறானது. அன்றைய சென்னை மாகாணத்து நெல்லூர்ப் பகுதியில் மிகுதியான ஃபுளோரைடு எலும்பையும் முடக்குகிறது என்று 1937-இலேயே மருத்துவர்கள் எழுதிவிட்டனர். தர்மபுரி, கிருஷ்ணகிரி மக்களுக்கு ஒகேனக்கல் காவிரி நீர் கூட்டுத் திட்டமாக வந்து சேர்ந்தது 2013-இல். நோயின் காரணம் எழுதப்பட்ட ஆண்டுக்கும் நல்ல நீர் வந்த ஆண்டுக்கும் இடையில் 76 ஆண்டுகள். வரலாற்று ஆசிரியர் ஆதலின் கழித்துப் பார்க்கும் பழக்கம் நம்மை விடவில்லை.

குழந்தைகளின் சொத்தைப் பல்லிலும் பழி உண்டு. மிட்டாய் வாங்கிக் கொடுத்த தாயைக் கடிவோம்; நாற்காலியில் அடம்பிடிக்கும் குழந்தையைக் கடிவோம். துளைக்கும் கருவியின் ஒலி கேட்டு அஞ்சாத குழந்தை எங்கே உண்டு? ஸ்காட்லாந்தில் நார்னா ஹால் என்ற பல் மருத்துவர் 1980-களின் இறுதியில் வேறு வழியில் போனார். ஊசியின்றி, துளைக்காமல், சொத்தையைச் சுரண்டாமல், சொத்தைப் பால் பல்லின் மேல் உலோக உறையொன்றைப் பசையிட்டு அழுத்தி மூடிவிட்டார். உள்ளே அடைபட்ட கிருமிக்குச் சர்க்கரை கிட்டாது. சொத்தை பரவாது நிற்கும். பாடநூலுக்கு இது முற்றிலும் முரண். அவர் வைத்திருந்த நோயாளர் குறிப்பேடுகளை டண்டி பல்கலைக்கழகத்தார் ஆராய்ந்து 2006-இல் வெளியிட்டனர்; பலர் நம்பவில்லை. எனவே 132 குழந்தைகளையும் 17 மருத்துவர்களையும் கொண்டு ஒரு சோதனை நடந்தது. ஒரே குழந்தையின் வாயில் ஒரு பல்லுக்கு உறை, மறுபுறத்துப் பல்லுக்கு வழக்கமான சிகிச்சை. ஐந்தாண்டு கழித்துப் பார்த்தபோது, வலி, சீழ் போன்ற பெருந்தோல்வி உறையிட்ட பற்களில் நூற்றுக்கு 3. மற்றவற்றில் 16-க்கு மேல்.

இங்கே நாம் வியப்பது உறையை அன்று, குறிப்பேட்டை. ஓர் ஊர் மருத்துவர் தாம் செய்ததை நாள்தோறும் ஒழுங்காக எழுதி வைத்திராவிட்டால், பல்கலைக்கழகம் எதை ஆராய்ந்திருக்கும்?

இன்னொன்றையும் சொல்லி இதை முடிப்போம். ஜப்பானில் 1970 முதல் பயன்பட்டுவரும் சில்வர் டயமின் ஃபுளோரைடு என்னும் ஒரு சொட்டு மருந்தைச் சொத்தையில் தடவினால் பெரும்பாலும் அது அங்கேயே நின்றுவிடுகிறது. மின்சாரம் வேண்டா, நாற்காலியும் வேண்டா. சொத்தையிடம் கறுத்துப்போகும் என்பது ஒன்றே குறை. உலக சுகாதார நிறுவனம் 2021-இல் இதை இன்றியமையா மருந்துகளின் பட்டியலில் சேர்த்தது. நியூயார்க் நகரத் தொடக்கப் பள்ளிகளில் செவிலியரே இதைத் தடவிப் பார்த்த ஆய்வும் நடந்துள்ளது. பல் வலியால் கன்னத்தைப் பிடித்துக்கொண்டு வகுப்பில் அமர்ந்திருக்கும் பிள்ளையைக் கணக்குப் போடச் சொல்லும் நம் போன்றோர் இதை அறிந்திருத்தல் நலம்.

கூரையைப் பற்றியும் ஒரு சொல். சூரிய மின்கலத்தைச் செய்தித்தாள் போல அச்சடிக்கலாம் என்று நம் மாணவர் ஒருவர் கேள்விப்பட்டு வந்து கேட்டார். மெய்தான். பெரோவ்ஸ்கைட் என்னும் கனிமம் உரால் மலையில் கண்டெடுக்கப்பட்டது 1839-இல். ஒளியால் மின்சாரம் பிறக்கும் என்று பெக்கரல் கண்டதும் அதே 1839-இல். இவ்விரண்டும் ஒன்றையொன்று சந்திக்க 170 ஆண்டுகள் ஆயின. 2009-இல் ஜப்பானில் மியாசாகா குழுவினர், அக்கனிமத்தின் அமைப்புடைய பொருளால் ஒளியில் நூற்றுக்கு 3.8 பங்கை மின்சாரமாக்கினர். இன்று ஆய்வுக்கூடத்துச் சிறு கலங்கள் 26-ஐக் கடந்துவிட்டன. இதை மைபோலக் கரைத்து நெகிழித் தாளில் அச்சிடலாம். ஆஸ்திரேலிய அரசின் ஆய்வு நிறுவனம் 2024-இல் முழுதும் சுருளாக அச்சிட்ட பலகையில் 11 பங்கு எடுத்துக் காட்டியது. சிலிக்கன் பலகை ஒவ்வொன்றும் ஏறத்தாழ 20 கிலோ கனம். நம் தெருவின் ஆஸ்பெஸ்டாஸ் கூரைகள் பல தாங்கா. தாள்போன்ற கலம் தாங்கும். ஆனால் ஈரம் பட்டால் இப்பொருள் கெடுகிறது. இதில் ஈயமும் உண்டு. சிலிக்கன் பலகை 25 ஆண்டு உழைக்க, இது அந்த ஆயுளை இன்னும் எட்டவில்லை. ஆகவே இன்று எவரேனும் வீட்டுக்கு வந்து முன்பணம் கேட்டால் கொடுக்க வேண்டா என்பதே இப்போதைக்கு நம் அறிவுரை.

இனிக் கொலராடோவில் பழி சுமந்த பன்றியிடம் வருவோம்.

நம் அவையில் இச்சொல்லை மேடையில் உச்சரிப்பதற்கே சிலர் கூசுவர் என்று நமக்குத் தெரியும். நாமும் கூசியவரே. நம் தாயார் பன்றி வளர்த்தார். நாம் பி.எட். படிக்கக் கட்டிய பணம் மூன்று பன்றிகளை விற்ற பணம். விடுதிப் படிவத்தில் பெற்றோர் தொழில் என்ற இடத்தில் 'விவசாயக் கூலி' என்று எழுதினோம். அதுவும் பொய்யன்று, முழு உண்மையும் அன்று.

மூளையில் புழுக்கட்டி உண்டாகி வலிப்பு வருகிறதே, அது பன்றி இறைச்சி உண்பதால் வருவது என்று பெரும்பாலோர் நம்புகின்றனர். படித்தவர்களும் நம்புகின்றனர். உண்மை வேறு. நன்கு வேகாத, புழுக்கருக் கொண்ட இறைச்சியை உண்டவன் குடலில் நாடாப்புழு வளரும். அவன் மலத்தில் முட்டைகள் வெளிவரும். அம்மலத்தைத் தின்ற பன்றியின் தசையில் அரிசி போன்ற வெண்மணிகளாகக் கருக்கள் தங்கும். அதே முட்டைகள் கழுவாத கையாலோ, நீராலோ, கீரையாலோ மற்றொரு மனிதன் வாய்க்குள் போனால், அவன் மூளையில் கரு தங்கும், வலிப்பு வரும். ஆகவே வலிப்பைத் தருவது இறைச்சி அன்று, மனித மலத்தின் முட்டை. வாழ்நாளில் இறைச்சியே தொடாதவருக்கும் இது வரும். பன்றிக்கு நோயைக் கொடுத்தவனும் மனிதனே. கழிப்பறை இல்லாத ஊரின் குற்றத்தைப் பன்றியும், அதை வளர்த்தவனும் சுமந்து வந்திருக்கின்றனர்.

இந்தச் சுழற்சியைக் கண்டுபிடித்த வழி மனத்தை உறுத்துவது. 1853-இல் பெல்ஜிய நாட்டு வான் பெனெடன் முட்டைகளைப் பன்றிக்கு ஊட்டிக் கருக்களைக் கண்டார். 1855-இல் ஜெர்மானிய மருத்துவர் கூச்சென்மைஸ்டர் மறுபாதியைக் காட்ட, தூக்குக்குக் காத்திருந்த கைதி ஒருவனுக்கு, அவன் அறியாமலே, உணவில் கருக்களைக் கலந்து கொடுத்தார். அவன் இறந்தபின் குடலை அறுத்து இளம்புழுக்களைக் கண்டார். உண்மை நிலைநாட்டப்பட்டது. ஆனால் எவனைக் கேளாமல் எவன் உடலில் ஆய்வு நடக்கிறது என்ற கேள்வியை நம் பிள்ளைகள் எந்த ஆய்வுக்கூடத்துக்குப் போனாலும் உடன் கொண்டுபோக வேண்டும்.

நம் மாநிலத்தில் நடந்த பணி ஒன்று உண்டு. வலிப்புடன் வருவோரின் மூளையை சி.டி. ஸ்கேன் எடுத்தால் சிறு புள்ளி ஒன்று தெரியும். அதைக் காசநோய்க் கட்டி என்று கொண்டு, மாதக்கணக்கில் காசநோய் மருந்து கொடுத்து வந்தனர். வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியின் நரம்பு அறுவை மருத்துவர்கள் சாண்டி, ராஜசேகர் முதலியோர் அப்புள்ளிகளைச் சோதித்துப் பார்த்து, அவற்றுள் பல பன்றி நாடாப்புழுவின் கருக்கள் என்று 1989-இல் உலகுக்கு அறிவித்தனர். பல தாமாகவே கரைந்து மறைவன. காசநோய் மருந்து தேவையற்றது. பின்னர் வேலூர் மாவட்டத்தில் 50,000 பேருக்கு மேல் வீடுவீடாகக் கணக்கெடுத்துப் பார்த்ததில், வலிப்புள்ளோரில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கினர்க்கு இக்கருவே காரணம் என்று 2006-இல் எழுதினர். பேய் என்று சொல்லிக் கையில் இரும்புச் சாவி திணிக்கப்பட்ட நம் தெருப் பெண்களை எண்ணிப் பார்க்கிறோம்.

சங்கிலியை எந்தக் கண்ணியில் அறுப்பது? மெல்போர்ன் பல்கலைக்கழகத்தின் மார்ஷல் லைட்டோலர்ஸ் பன்றிக்கே தடுப்பூசி போடலாம் என்று கண்டார். கேமரூன் நாட்டுச் சிற்றூர்ப் பன்றிகளில் அதைப் புழுக்கொல்லி மருந்துடன் கொடுத்துப் பார்த்த ஆய்வு 2010-இல் வெளிவந்தது. ஊசி போடாத பன்றிகளில் ஐந்தில் ஒன்றுக்குக் கரு இருந்தது. போட்டவற்றில் ஒன்றுக்கும் இல்லை. பெரு நாட்டின் தும்பெஸ் பகுதியில் மனிதர்க்கும் பன்றிகளுக்கும் ஒருசேர மருந்து கொடுத்து, பன்றிகளுக்கு ஊசியும் போட்டு, 107 ஊர்களில் 105-இல் நோய்ப் பரவலை நிறுத்திக் காட்டினர். அந்த ஊசி இன்று நம் அண்டை நகரமான ஐதராபாத்தில் தயாராகிறது. வளர்ப்பவனை ஊரைவிட்டு விரட்டாமல் நோயை விரட்டும் வழி இது.

இன்னொரு நோய் உண்டு. அது நம் வீட்டுக்கே வந்தது. 1981-ஆம் ஆண்டு ஐப்பசியில், ஆறு நாள்களில் நம் கொட்டிலில் ஒன்பது பன்றிகள் மாண்டன. காதும் அடிவயிறும் நீலம் பாரித்தன, பின்கால் தள்ளாடியது. நம் தாயார் ஒரு நேர்த்திக்கடனை முடிக்காததால் வந்தது என்று தெருவே சொன்னது. அவரும் இறுதிவரை நம்பினார். கடன் அடைக்க அண்ணன் எட்டாம் வகுப்போடு நின்று செங்கற்சூளைக்குப் போனார். நாம் மட்டும் படித்தோம். பல்லாண்டு கழித்து இவ்வடையாளங்களைக் கால்நடை மருத்துவர் ஒருவரிடம் சொன்னபோது, அது பன்றிக் கொள்ளைக் காய்ச்சலாகவே இருந்திருக்கும் என்றார்.

அதற்கு ஊசி அக்காலத்திலும் இருந்தது. ஆனால் அதை முயலின் மண்ணீரலில் வளர்த்தனர். ஒரு முயலிலிருந்து கிடைப்பது 50 பன்றிகளுக்குரிய மருந்து. நாட்டின் தேவையோ ஆண்டுக்கு இரண்டு கோடிக்கு மேல். நம் தெருவுக்கு அது எப்படி வந்திருக்கும்? இந்தியக் கால்நடை ஆராய்ச்சி நிலையத்தார் அந்த ஊசியைக் கண்ணாடிக் குடுவையில், உயிரணுக்களில் வளர்க்கும் முறையைக் கண்டு 2020-இல் வெளியிட்டனர். முயல் கொல்ல வேண்டா. விலை ஓர் அளவுக்கு ஏறத்தாழ 2 ரூபாய் என்றனர். அதே ஆண்டில்தான் அசாமிலும் அருணாசலத்திலும் ஆப்பிரிக்கப் பன்றிக் காய்ச்சல் இந்தியாவில் முதன்முறையாகத் தோன்றியது. அது மனிதரைத் தொடாது, கொட்டில்களையோ காலியாக்கிவிடும். பெயர்கள் ஒத்திருப்பதால் ஒன்றன் ஊசி மற்றொன்றைத் தடுக்கும் என்று நம் வளர்ப்போர் எண்ணிவிடக் கூடாது, தடுக்காது. ஆப்பிரிக்கக் காய்ச்சலுக்கு மருந்தும் இல்லை.

இப்போது விண்ணப்பத்துக்கு வருவோம். பன்னிரண்டாம் வகுப்பில் நல்ல மதிப்பெண் பெற்ற நம் சங்கத்து மாணவி ஒருவர் கால்நடை மருத்துவம் படிக்க விரும்புகிறார். ஐந்தரை ஆண்டுப் படிப்பு. முடித்தபின் காட்டுப்பாக்கத்து ஆராய்ச்சி நிலையத்தில் பன்றிகளைப் பற்றியே மேற்கொண்டு ஆய்வு செய்ய வேண்டும் என்று தம் கையெழுத்தில் எழுதியிருக்கிறார். குழுவில் ஒருவர், வெள்ளி விழா ஆண்டின் முதல் உதவித்தொகை பன்றிக்கா என்று கேட்டார். அவரை நாம் குறைசொல்லவில்லை. அவர் பட்ட இழிவு அவருக்குத் தெரியும். மாணவியின் பாட்டியார் நம் வீட்டுக்கே வந்து கேட்டார்: "பன்னிகிட்ட இருந்து மீளத்தானே தம்பி புள்ளைய படிக்க வெச்சோம்? படிச்சு முடிச்சு மறுபடியும் அங்கேயேவா அனுப்பறது?"

"ஆயா, கொட்டிலுக்குள்ள போறவ வேற, கொட்டில ஆராயறவ வேற" என்று சொல்லத் தொடங்கினோம். அந்தப் பேச்சு நமக்கே பிடிக்கவில்லை. கொட்டிலுக்குள் போனவர்களும் நம் தாய்மார்களே. ஆகவே வேறு விதமாகச் சொன்னோம். ஒன்பது பன்றி செத்த ஐப்பசியைச் சொன்னோம். முயல் மண்ணீரலைச் சொன்னோம். இரண்டு ரூபாய் ஊசியைச் சொன்னோம். பாட்டியார் வெகுநேரம் பேசவில்லை. பிறகு, அவர் வீட்டிலும் ஓர் ஆண்டு பதினொன்று செத்தது என்றும், அதற்கு யார்மேல் பழி விழுந்தது என்றும் சொன்னார். அதை இம்மேடையில் சொல்ல அவர் இசைவு தரவில்லை.

சங்க விதிப்படி விண்ணப்பத்தில் உறுப்பினர் இருவர் பரிந்துரைக் கையொப்பம் இட வேண்டும். முதல் கையொப்பம் நம்முடையது. இரண்டாவதை நேற்று மாலை நம் அண்ணன் இட்டார். குழு வரும் ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்குச் சங்கக் கட்டடத்தில் கூடுகிறது. உறுப்பினர் அனைவரும் வர வேண்டுகிறோம்.